அந்தக் கால்களின் படம் பற்றி

வியாழக்கிழமையிலிருந்து திருகோணமலை முகநூல் பக்கங்களில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை நான் இங்கே மறுபடியும் போடப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. நேர்முகப் பரீட்சைக்கு வந்த ஒரு தம்பியை இடுப்புக்குக் கீழே மட்டும் எடுத்த படம். மடிப்புக் குலையாத கறுப்பு நீளக்காற்சட்டை, அதன் கீழே பின்வார் வைத்த மண்ணிறச் செருப்பு, மேலே "இந்த இலட்சணத்தில் இவருக்கு வேலை வேண்டுமாம்" என்ற வரி. முகம் தெரியவில்லைதானே, பிறகென்ன என்று படம் எடுத்தவர் பின்னூட்டத்தில் விளக்கம் வேறு கொடுத்திருக்கிறார். இந்த ஊரில் ஒருவரை அடையாளம் காண முகம் தேவையில்லை. அந்தத் தம்பியின் தாய்க்கு அந்தப் பெருவிரல் போதும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து அதையே பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அந்தச் செருப்பு அந்த இடத்துக்குப் பொருந்தாததுதான். ஆனால் என் கேள்வி ஒன்றே ஒன்று: இதை யாராவது அவருக்கு முன்கூட்டிச் சொன்னார்களா? அழைப்புக் கடிதத்தில் பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகள், கிராம சேவையாளரின் நற்சான்று என்று எல்லாம் இலக்கமிட்டு எழுதியிருப்பார்கள். காலில் எதை அணிந்து வர வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. பதின்மூன்று வருடம் வெள்ளைச் சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறு இருந்தாலே வாசலில் மறித்து வைத்த பள்ளிக்கூடம், உயர்தரம் முடித்துப் போகிற பிள்ளையிடம் இனி எந்தச் சப்பாத்து என்று சொல்லி அனுப்புவதில்லை. சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் தெரியவில்லை என்று சிரிக்க எவருக்கும் உரிமை கிடையாது.

யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன், எனக்கும் இவை மிகவும் பிந்தித்தான் தெரிந்தன. அலுவலக வேலை என்றால் கறுப்பு, மூடியது, லேஸ் கட்டுவது, முன்பக்கத்தில் வேலைப்பாடு இல்லாதது. கடையில் ஒக்ஸ்போர்ட், டேர்பி என்று இரண்டு வகை காட்டுவார்கள். ஒக்ஸ்போர்ட்டில் லேஸ் துளையுள்ள இரண்டு பக்கமும் முன்தோலுக்கு அடியில் தைக்கப்பட்டு இறுக்கமாக இருக்கும்; டேர்பியில் அவை மேலே தைக்கப்பட்டு, லேஸை அவிழ்த்தால் நன்றாக விரியும். சின்ன வயதில் வெறுங்காலுடனும் பாட்டாவுடனும் கடற்கரையில் திரிந்து முன்பக்கம் அகன்றுபோன நம் கால்களுக்கு டேர்பிதான் இசையும். (பாட்டா என்பது 1894 இல் இன்றைய செக் நாட்டில் சப்பாத்துக் கம்பனி தொடங்கிய குடும்பத்தின் பெயர். நமக்கு அது கிணற்றடிக்குப் போட்டுக்கொண்டு போகிற செருப்பு.) மாலையில் போய் வாங்குங்கள், பகல் முழுவதும் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும்போது பார்த்த அளவுதான் சரியான அளவு. கொழும்பில் நேர்முகம் என்றால் இரவுப் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டபடி போய் இறங்கும்போதும் அதே வீக்கம் இருக்கும். ஆகவே பஸ்ஸில் செருப்புடன் போய், சப்பாத்தைப் பையில் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். புதுச் சப்பாத்தாக இருந்தால் அதற்கு முன் இரண்டு மூன்று நாளாவது வீட்டுக்குள் போட்டு நடக்க வேண்டும், குதிக்கால் கொப்பளித்த நிலையில் எந்தக் கேள்விக்கும் பதில் வராது.

சொக்ஸ் காற்சட்டையின் நிறத்தில், கதிரையில் இருக்கும்போது தோல் தெரியாத நீளத்தில் இருக்க வேண்டும். ஓட்டையில்லாததாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வரச்சொல்லும் அலுவலகங்கள் நம் பக்கத்தில் இன்னமும் உண்டு. பெல்ட்டும் சப்பாத்தும் ஒரே நிறம். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களின் சப்பாத்தில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடு விழும். தண்ணீரில் சிறிது வினாகிரி கலந்து துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டு, அதற்குப் பிறகு பொலிஷ் போடுங்கள். உப்பின் மேலேயே பொலிஷை அப்பினால் அடுத்த நாளே அந்தக் கோடு மறுபடி எழும்பும். அவ்வளவுதான். இதை எழுத எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் படத்துக்குத் தலைப்பு யோசித்த நேரத்தில் அவரும் இதை எழுதியிருக்கலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. 2011 இல் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் எனக்கு நேர்முகம். என்னிடம் சப்பாத்து இல்லை. மாமா தன் கலியாணத்துக்கு வாங்கி, ஒரே நாள் போட்டு, ஏழு வருடமாகப் பெட்டியோடு அலுமாரிக்குள் வைத்திருந்த கறுப்புச் சப்பாத்தை எடுத்துத் தந்தார். அது 9, என் கால் 8. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றிலொரு பங்குதான், ஆனால் படியேறும்போது அந்த மூன்றிலொரு பங்கும் குதிக்காலுக்குத் தெரியும். நுனியில் பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்தேன். மேல்தோல் கண்ணாடி போல மின்னியது. அந்த அலுவலகத்தின் நடைபாதையில் போகும்போது காலடியில் ஏதோ பிஸ்கட் நொறுங்குவது போலிருந்தது. அறைக்குள் போய் இருந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வாசலிலிருந்து என் கதிரை வரைக்கும் வெள்ளைத் தரையில் எறும்பு வரிசை போலக் கறுப்புத் துகள். சோல் உதிர்ந்துகொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரின் கையைத் தட்டினார். பிறகு மூவரும் சிரித்தார்கள். என்னிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட இன்று நினைவில்லை, அந்தத் தட்டல் நினைவிருக்கிறது.

வெளியே வந்தபோது வாசல் காவலாளி தும்புத்தடியுடன் நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "மல்லி (தம்பி), இதைப் போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். போடாமல் வைத்தால் இப்படித்தான் போகும் என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்பது பின்னாளில் தெரிந்தது. இப்போது பல சப்பாத்துகளுக்கு வரும் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைச் சோல் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், மாதத்துக்கு ஒரு முறையாவது போட்டு நடக்காமல் மூடி வைத்தால் இன்னும் வேகமாக. நம் ஊர்க் காற்று எவ்வளவு ஈரம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தைத்த இறப்பர் சோல் அப்படி உதிராது. இதை எனக்குச் சொல்லித்தந்தவர் தும்புத்தடியுடன் நின்றவர். மேசையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது சிரிக்க மட்டும்.

"அப்படியென்றால் ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். விண்ணப்பதாரியின் கால்களை மேசைக்கு அடியால் படம் பிடிப்பது எந்த ஒழுங்கில் வருகிறது என்று அதே வாயால் சொல்லுங்கள்.

"வெள்ளைக்காரனின் சப்பாத்தை நாம் ஏன் போட வேண்டும்?" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தேசிய உடையுடன் வந்தால் தோற்செருப்புத்தான் பொருத்தம், நாடாளுமன்றத்துக்கே அப்படித்தான் போகிறார்கள். நீளக்காற்சட்டை போட்டால் சப்பாத்து. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் படத்தின் கீழே துளைத்துளையாய் வேலைப்பாடு செய்த ப்ரோக் சப்பாத்தைக் காட்டி "கனவான்கள் அணிவது இதைத்தான்" என்று ஒருவர் வகுப்பெடுத்திருந்தாரே, அவருக்கு ஒரு செய்தி: ப்ரோக் என்றால் ஐரிஷ் மொழியில் வெறும் சப்பாத்து. அந்தத் துளைகள் சேற்று நிலத்தில் நடந்தவர்களின் சப்பாத்துக்குள் புகுந்த தண்ணீர் வடிவதற்கு இட்டவை என்று சொல்வார்கள். கனவான் காலில் ஏறுவதற்கு முன்னால் அது வயலுக்குள் நின்றது.

"கையில் போன் இருக்கிறதே, சப்பாத்துக்குக் காசில்லையா?" என்பவர்களுக்குத்தான் என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் போனில்தான் அவர் வேலைக்கு விண்ணப்பித்தார். அதை நாள் முழுக்கப் பாவிக்கிறார். சப்பாத்தோ வருடத்துக்கு இரண்டு முறை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு தோல் சப்பாத்து என்ன விலை என்று கடைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். கடலுக்குப் போகிற வீட்டில் ஒரு வாரச் சாப்பாட்டை வெட்டி அதை வாங்கி, மாமாவின் சப்பாத்தைப் போல அலுமாரிக்குள் வைத்து, அது தூளாகிப் போன பிறகு நீங்கள் சிரிக்கவா?

பெண்களின் காலணி பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவருக்கு: எனக்கு அது தெரியாது. தெரியாததை எழுதவேண்டாம் என்று வீட்டில் உத்தரவு.

உண்மையைச் சொன்னால், படத்தைப் போட்டவர் மீதுள்ள கோபம் இரண்டு நாளில் அடங்கிவிட்டது. அவரை எனக்குப் பழக்கமில்லை. அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களின் பெயர்களைத்தான் நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். என் நண்பர் பட்டியலில் இருப்பவர்கள் பதினொரு பேர். எண்ணினேன். அதில் ஒருவர் தன் தங்கையின் கலியாணத்துக்கு என்னிடம் சப்பாத்து இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றவர். அன்றைக்கு நான் அவருடைய காலைப் படம் பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், எழுதுவதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தச் சப்பாத்து இன்னமும் திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு முன்விறாந்தையில் இருக்கிறது. கறுப்பு, டேர்பி, அளவு 8, தைத்த இறப்பர் சோல். மாதம் ஒரு முறை நானே போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்வருவதால் உதிராது. நேர்முகம் இருக்கிற தம்பிமார் யாராவது உள்பெட்டியில் கேட்டால் தருகிறேன். அந்தத் தம்பிக்கு முதலில். இரண்டு நாள் முன்னதாக வந்து எடுத்துப்போய் வீட்டில் போட்டு நடந்து பாருங்கள், பொலிஷும் பிரஷும் கூடவே இருக்கும். சொக்ஸ் மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.