எக்கோ மட்டும் பார்த்து சிஆர்டி வைக்க முடியாது

"ஈசிஜி எப்படி இருந்தாலும் சரி, எக்கோவில் இதயச் சுவர்கள் ஒரே நேரத்தில் சுருங்காமல் முன்னும் பின்னுமாகச் சுருங்கினால் சிஆர்டி பேஸ்மேக்கர் கைகொடுக்கும்" என்று மேலே அண்ணாச்சி எழுதியிருப்பது தவறு, ஆபத்தும்கூட. எக்கோ என்பது இதயத்தின் ஒலியலை ஸ்கேன்; சிஆர்டி என்பது பலவீனமான இதயத்தின் இரு கீழறைகளையும் ஒருசேரச் சுருங்க வைக்கும் பேஸ்மேக்கர்.

2008இல் வெளியான பிராஸ்பெக்ட் ஆய்வு 12 எக்கோ அளவீடுகளைச் சோதித்தது. ஒன்றுகூட சிஆர்டியின் பலனை நம்பகமாக முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரே படத்தை இருவர் அளந்தால் இரண்டு விடை வந்தது. 2013இன் எக்கோ-சிஆர்டி ஆய்வு இன்னும் மோசம். க்யூஆர்எஸ் (கீழறைகளில் மின்தூண்டல் பரவுவதைக் காட்டும் ஈசிஜி அலையின் அகலம்) 130 மில்லிசெகண்டுக்குக் குறைவு, ஆனால் எக்கோவில் ஒத்திசைவின்மை (சுவர்கள் ஒன்றாகச் சுருங்காதது) உண்டு என்பவர்களில், சிஆர்டியை இயக்கிய பிரிவில் 11.1% பேர் இறந்தார்கள். இயக்காத பிரிவில் 6.4%. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

பலன் அதிகம் கிடைப்பது இடது கிளை அடைப்போடு (இடது கீழறைக்கு மின்தூண்டல் போகும் பாதையில் தடை) க்யூஆர்எஸ் 150ஐத் தொட்டவர்களுக்கு. வழக்கமான ஈசிஜி தாளில் சின்னக் கட்டம் ஒன்று 40 மில்லிசெகண்ட். அப்படியானால் 150 என்பது ஏறக்குறைய நாலு கட்டம். கூடவே, இதயச் செயலிழப்புக்கான மாத்திரைகளைச் சரியான அளவில் குறைந்தது மூன்று மாதம் எடுத்த பிறகும் இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 35% அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

படங்கள் வீண் என்று சொல்லவில்லை. இஎஃப் அளப்பதே எக்கோதானே! எம்ஆர்ஐயில் இடது கீழறையின் பின்பக்கச் சுவரில் தழும்பு தெரிந்தால், அங்கே பேஸ்மேக்கர் கம்பியை வைத்துப் பெரிய பலன் இராது. களியக்காவிளை எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்குக் காட்டப் போகிறவர்கள் எக்கோ அறிக்கையோடு 12 லீட் ஈசிஜி தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.