ராபர்ட் கார்ட்டரின் பத்திரமும் "அந்தக் காலம் அப்படி" என்ற சமாதானமும்

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய, அடிமைகளையும் வைத்திருந்த குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "அந்தக் காலம் அப்படி. மனசு இருந்தாலும் அடிமைகளை விட்டிருக்க முடியாது." முடியும். அதே வர்ஜீனியாவில், அதே பெருநிலக்கிழார் வர்க்கத்தில் பிறந்த மூன்றாம் ராபர்ட் கார்ட்டர் (1728–1804) தன் அடிமைகளை விடுவிக்கப் பத்திரம் எழுதிச் செய்து காட்டினார். அவர் பெயர் ஏன் பாடப்புத்தகங்களில் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

செல்வத்தாலும் செல்வாக்காலும் 'கிங்' (அரசர்) கார்ட்டர் என்று அழைக்கப்பட்டவரின் பேரன் இவர். 65,000 ஏக்கருக்கு மேல் நிலம், நோமினி ஹால் மாளிகை, பால்டிமோர் இரும்பாலையில் பங்கு. பண்ணைகளுக்கு ரிஷபம், சிம்மம், துலாம் என்று ராசிப் பெயர்கள். 1758 முதல் ஆளுநரின் ஆலோசனைச் சபை உறுப்பினர். 1773-74இல் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஃபித்தியன் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். மாளிகையின் ஓராண்டுச் செலவு 27,000 பவுண்டு பன்றியிறைச்சி, 20 மாடுகள், 550 புஷல் (தானிய அளவு) கோதுமை. அந்தப் பகுதியில் ஓர் அடிமைக்கு வாரப்படி ஒரு பெக் மக்காச்சோளம் (சுமார் 9 லிட்டர்), ஒரு பவுண்டு இறைச்சி.

விடுதலை என்பது வெறும் நல்லெண்ணத்தால் நடக்கிற காரியம் அல்ல. 1723ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறப்பான சேவைக்காக மட்டுமே, அதுவும் ஆளுநரும் ஆலோசனைச் சபையும் அனுமதித்தால்தான் ஓர் அடிமையை விடுவிக்கலாம். 1782இல்தான் உரிமையாளரே பத்திரம் அல்லது உயில் எழுதி விடுவிக்க வழி பிறந்தது. அதிலும் நிபந்தனைகள் உண்டு. 45 வயதைத் தாண்டியவர்களையும், 21 நிறையாத ஆண்களையும், 18 நிறையாத பெண்களையும் விடுவித்தால் அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு விடுவித்தவருடையது. கடன் கொடுத்தவர்களின் உரிமைக்கும் சட்டம் இடம் வைத்திருந்தது. கடனில் மூழ்கிய பண்ணையார் கையெழுத்துப் போட்டாலும், கடன் கொடுத்தவர் அந்த மனிதர்களையே கேட்டு வரலாம். ஜெஃபர்சன் மாட்டிக்கொண்டது இங்கேதான். புகையிலையை மட்டும் நம்பாமல் கோதுமை, மாவு ஆலை, நெசவு, இரும்பு என்று கார்ட்டர் பரவியதைப் பொருளாதாரத் திறமை என்று மட்டும் பார்க்கக்கூடாது. விடுதலைப் பத்திரம் செல்லுபடியானதற்கு அந்த அடித்தளமும் ஒரு காரணம்.

1778இல் கார்ட்டர் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தார். அடிமைகளும் உறுப்பினர்களாக இருந்த திருச்சபையில் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார். 1791 ஆகஸ்ட் 1 தேதியிட்ட பத்திரத்தை செப்டம்பர் 5 அன்று நார்தம்பர்லாந்து மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்தார். அடிமைத்தனம் மதத்துக்கும் நீதிக்கும் எதிரானது என்று அதில் வெளிப்படையாகவே எழுதினார். கூடவே 452 பேரின் பெயர், வயது, எந்தப் பண்ணை என்ற பட்டியல். 1792 ஜனவரி 2 தொடங்கி, வயதில் மூத்தவர்களில் ஆரம்பித்து ஆண்டுக்கு 15 பேர். சிறுவர்கள் 21 வயதிலும் சிறுமிகள் 18 வயதிலும் விடுதலை.

இந்தப் பட்டியல்தான் என் பார்வையில் அவருடைய பெரிய சாதனை. "விடுவிப்பேன்" என்று வாயால் சொன்னவர்கள் பலர். பெயரும் வயதும் நீதிமன்றப் பதிவில் ஏறிவிட்டால், பிறகு மனம் மாறினாலும் வாரிசுகள் தடுத்தாலும் அந்த மனிதனின் கையில் ஓர் ஆதாரம் இருக்கிறது. விடுதலையானவர் பத்திர நகல் இல்லாமல் தன் கவுண்டியை (உள்ளூர் நிர்வாகப் பகுதியை) தாண்டினால் சிறையில் அடைக்கச் சட்டம் அனுமதித்த காலம் அது. அங்கே எழுத்துதான் உயிர்.

பட்டியலில் குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1791இல் தாயின் மடியில் இருந்த ஆண் குழந்தை 1812 வரை அடிமை. அக்கம்பக்கத்தாரை அதிகம் கலங்கடிக்காத வேகம் என்று கார்ட்டர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கின் விலையை அவர் கொடுக்கவில்லை, அந்தக் குழந்தை கொடுத்தது. இவ்வளவு மெதுவாகப் போயும் அண்டைப் பண்ணையார்களும் சொந்த மருமகனும் எதிர்த்தார்கள். விடுதலையானவர்களுக்கே அவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. 1793இல் பால்டிமோருக்குப் போனார். பத்திரத்தை நிறைவேற்றும் வேலையை பெஞ்சமின் டாசன் என்ற பாப்டிஸ்ட் போதகரிடம் ஒப்படைத்தார்.

ஒப்பிட்டுப் பாருங்கள். வாஷிங்டன் 1799இல் உயிலில் தன்னுடைய 123 பேரை விடுவித்தார், அதுவும் மனைவி காலத்துக்குப் பிறகு என்று. வாழ்நாளில் 600 பேருக்கு மேல் வைத்திருந்த ஜெஃபர்சன், உயிரோடிருக்கும்போது 2 பேரையும் உயிலில் 5 பேரையும் முறைப்படி விடுவித்தார். 1827இல் அவருடைய பண்ணையான மான்டிசெல்லோவில் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள்.

அடிமை முறையின் நிழல் படாமல் வளரட்டும் என்று கார்ட்டர் ரோட் தீவுக்குப் படிக்க அனுப்பிய மகன் ஜார்ஜ், பின்னாளில் ஓட்லாண்ட்ஸ் என்ற பெரிய பண்ணையை அடிமை உழைப்பில் கட்டினார். தந்தை கொடுத்த படிப்பு மகனைத் தடுக்கவில்லை. தந்தை பதிவு செய்த பத்திரத்தின்படியோ ஆண்டுதோறும் பெயர்கள் விடுதலையாகிக்கொண்டே இருந்தன.