போக விசா வேண்டாம், திரும்பி வரத்தான் வேண்டும்

01.

பூஜ்யம், ஒன்று. இன்று காலை கூரியரில் வந்த கவரைப் பல்லால் கிழித்துப் பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். பளபளவென்று ஒட்டியிருந்த விசா ஸ்டிக்கரில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்துக்குத்தான் நேராகக் கண் போனது. அங்கே 'மல்ட்' என்று, அதாவது பல முறை என்று, இருக்க வேண்டும். போகட்டும், 02 என்றாவது இருக்க வேண்டும். 01 என்று இருக்கிறது.

"அதான் விசா வந்திருச்சுல்ல, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?" என்கிறாள் மனைவி. வந்துவிட்டது, யார் இல்லை என்றது? இதை வைத்துக்கொண்டு அந்தோராவுக்குத் தாராளமாகப் போகலாம். திரும்பி வரத்தான் முடியாது.

நியாயமாகப் பார்த்தால் அந்தோராவுக்கு விசாவே வேண்டாம். சுற்றுலா வருகிறவனிடம் அவர்கள் கேட்பதே இல்லை. வா, 90 நாள் வரைக்கும் இருந்து பார் என்கிற தங்கமான நாடு. 468 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைவிட ஒரு சுற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆனால் அங்கே விமான நிலையம் கிடையாது. ரயில் கிடையாது. கடலும் கிடையாது. பிரெனீஸ் மலைக்கு நடுவில், இந்தப் பக்கம் பிரான்ஸ், அந்தப் பக்கம் ஸ்பெயின். பார்சிலோனாவிலோ துலூஸிலோ இறங்கி மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். ஆகவே விசா கேட்காத நாட்டுக்குப் போக, பிரான்ஸ், ஸ்பெயின் உள்பட 29 ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். அந்தோராவோ அந்தக் கூட்டத்தில் இல்லை. பஸ் எல்லையைத் தாண்டியதும் நான் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டதாகக் கணக்கு. ஊர் திரும்ப அதே பஸ்ஸில் ஏறி அதே எல்லைக்கு வந்தால் அது இரண்டாவது நுழைவு. பயணம் ஒன்று, நுழைவு இரண்டு. மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பெண்ணுக்கு இது ஒரே தடவையில் புரிந்தது.

தூதரகத்துக்காக விசா விண்ணப்பம் வாங்குகிற அந்தக் கவுன்டரில் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே.

எந்த நாட்டுத் தூதரகம் என்று சொல்லப்போவதில்லை. எந்த ஊரில் இறங்குவதாக இருந்தேன் என்பதையும் சொல்ல மாட்டேன், சொன்னால் தெரிந்துவிடும். நாளைக்கு மறுபடியும் அவர்கள் காலில்தான் விழ வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஸ்லாட் பிடித்தது, மூன்று வருட ஐடி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பக்கத்துக்குப் பக்கம் சீல், லீவ் லெட்டர், காதும் தெரிய வேண்டும் சிரிக்கவும் கூடாது என்கிற போட்டோ, இதெல்லாம் உங்களுக்கும் நடந்ததுதான், விடுங்கள். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் எடுத்தேன். நான் வாங்கிய பாலிசி ஷெங்கன் நாடுகளில் மட்டும்தான் செல்லுமாம். அந்தோரா மலையில் கால் வழுக்கினால் பிரான்ஸோ ஸ்பெயினோ இருக்கும் திசை பார்த்து உருள வேண்டும்.

கவுன்டரில் ஒரு சின்னப் பெண். நல்ல பெண். அதுதான் கஷ்டம், கத்தவும் முடியவில்லை.

"சார், மெயின் டெஸ்டினேஷன் எழுதலையே?"

"அந்தோராம்மா. ஆனா அந்தக் கட்டத்துல ஷெங்கன் உறுப்பு நாடு எதுன்னுல்ல கேட்டிருக்கு? அந்தோரா உறுப்பு நாடு இல்லையே."

"அந்தோரா எந்த நாட்டுல சார் வருது?"

"அதுவே நாடுதாம்மா."

கம்ப்யூட்டரில் தேடினாள். பட்டியலில் முதலில் ஆஸ்திரியா. அந்தோரா அதற்கு முன்னால் வர வேண்டும் என்பதால் மேலே தள்ளினாள். பட்டியல் அதற்கு மேலே போகவில்லை. அவளும் விடவில்லை. மவுஸ் சக்கரத்தை மேலே மேலே உருட்டிக்கொண்டே இருந்தாள், ஆஸ்திரியா அசையாமல் நின்றது.

"லிஸ்ட்ல இல்ல சார்."

"இருக்காதும்மா. அந்த ஊருக்கு விசாவே வேண்டாம்."

"அப்ப எதுக்கு சார் அப்ளை பண்றீங்க?"

ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தேன். பின்னால் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். விமான நிலையம் இல்லை, ரயில் இல்லை, பஸ். தலையாட்டினாள். அடுத்த பேப்பரை எடுத்தாள்.

"இந்த மூணு நைட்டுக்கு ஹோட்டல் புக்கிங் இல்லையே சார்?"

"இருக்கு பாரும்மா, அந்தோரா லா வெல்லா, மூணு நைட்."

"அது ஷெங்கன்ல இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? ஷெங்கன்ல இல்லாத அன்னிக்கு எங்க தங்குவீங்க?"

"ஷெங்கன்ல இல்லாத ஹோட்டல்லதாம்மா."

இதை அவள் எழுதிக்கொண்டாள். சத்தியமாக எழுதிக்கொண்டாள். அப்புறம்தான் எத்தனை நுழைவு என்ற கட்டத்துக்கு வந்தோம். "மல்டிபிள் டிக் பண்ணியிருக்கீங்க, ஒரு ட்ரிப்தானே? சிங்கிள்னு மாத்திடவா?" என்று பேனாவை எடுத்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் 'நிறுத்துங்க' என்று மண்டபத்துக்குள் ஓடி வருவானே சினிமாவில், அந்த வேகத்தில் ஃபார்ம் மேல் கையை வைத்தேன்.

கவர் லெட்டரைக் காட்டினேன். இரண்டு பக்கம். நடுவில் நானே வரைந்த மேப், உள்ளே போகிற அம்புக்குறிக்கு 1, திரும்பி வருகிற அம்புக்குறிக்கு 2, இரண்டுக்கும் மஞ்சள் ஹைலைட்டர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில்கூட நான் இவ்வளவு சுத்தமாக மேப் குறித்ததில்லை. அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கடைசி ஆயுதமாக என் பாட்டி வீட்டு முற்றத்தை எடுத்தேன்.

"நாலு பக்கமும் வீடு, நடுவுல முற்றம். மேலே கூரை கிடையாது, வானம்தான். இவங்க என்ன சொல்றாங்கன்னா, முற்றத்துல காலை வச்சா வீட்டை விட்டு வெளியே போயிட்டதாக் கணக்காம். மறுபடி தாழ்வாரத்துல ஏறணும்னா இன்னொரு அனுமதி வேணுமாம். முற்றத்துக்கு வேற வாசல் இருக்கா? இல்ல. அதாம்மா அந்தோரா."

முகம் மலர்ந்துவிட்டது. "எங்க அப்பத்தா வீட்லயும் முற்றம் இருக்கு சார், தேவகோட்டையில!" மழை பெய்தால் முற்றத்தில் அண்டா வைத்துத் தண்ணீர் பிடிப்பது பற்றி இரண்டு நிமிடம் பேசினோம். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அண்டா நிரம்பியதும் அவள் சொன்னாள்: "ஆனா மல்டிபிள் என்ட்ரிக்கு சப்போர்ட்டிங் டாகுமென்ட் வேணும் சார்."

முற்றத்துக்கு என்ன டாகுமென்ட்? பட்டாவா, சிட்டாவா?

சூப்பர்வைசர் வந்தார். டை கட்டியிருந்தார். மேப்பை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, நாம் எல்லோரும் கேட்டுக் கேட்டுப் புளித்த அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "வாங்கி அனுப்புறது மட்டும்தான் சார் எங்க வேலை. டிசிஷன் எம்பசிதான்." அப்படியானால் இவ்வளவு நேரம் என்னைக் கேள்வி கேட்டது யார்? பொழுதுபோக்கா? பக்கத்து அறையில் பத்து விரலையும் கண்ணாடி மேல் வைத்து அழுத்தச் சொன்னார்கள். "நல்லா அழுத்துங்க சார், இன்னும் அழுத்துங்க." அழுத்தினேன். அந்த மெஷினை உடைக்காமல் வந்ததே பெரிது.

இந்த ஊர்மேல் உனக்கு என்ன அப்படி ஆசை என்று கேட்பீர்கள். மனைவிக்குக் குளிர் ஆகாது, நான் மட்டும்தான் போவதாக இருந்தேன். எட்டாம் வகுப்பில் ஸ்டாம்ப் சேர்த்த காலத்து ஆசை. என் ஆல்பத்தில் ஒரு ஸ்டாம்பில் அந்தோர் என்றும் இன்னொன்றில் அந்தோரா என்றும் இருக்கும். அண்ணன் தம்பி மாதிரி இரண்டு நாடு போலிருக்கிறது என்றே நினைத்திருந்தேன். ஸ்பெயின் தபால் துறை 1928-லிருந்தும், பிரான்ஸ் தபால் துறை 1931-லிருந்தும் ஒரே நாட்டுக்குத் தனித்தனியாக ஸ்டாம்ப் அடித்துக்கொண்டிருக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. அரியணையும் அப்படித்தான். பிரான்ஸ் ஜனாதிபதி ஓர் இளவரசர், ஸ்பெயின் பக்கத்து ஊர்ஜெல் பிஷப் இன்னோர் இளவரசர். 1278-ல் போட்ட பங்காளி ஒப்பந்தத்தின் மிச்சம், இன்னமும் ஓடுகிறது. இரண்டு இளவரசர், இரண்டு தபால், இரண்டு எல்லை. அந்த ஊரில் எதைத் தொட்டாலும் இரண்டு. எனக்கு மட்டும் 01.

அந்தக் காலத்தில் அந்தோராக்காரர்கள் பிஷப்புக்குக் கப்பமாகப் பன்றித்தொடை, பாலாடைக்கட்டி, உயிர்க்கோழி எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். முன்னமே தோன்றியிருந்தால் கவர் லெட்டருக்குப் பதில் இரண்டு நாட்டுக்கோழியோடு போயிருப்பேன்.

ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான். "மாமா, பஸ்ல பாதி நேரம் பாஸ்போர்ட்டே பாக்க மாட்டாங்க. கஸ்டம்ஸ்காரன் ஏறினா சிகரெட் எத்தனை பாக்கெட் வாங்கினேன்னுதான் கேப்பான். தூங்குற மாதிரி படுத்துக்குங்க." அவன் சொல்வான். அவன் கையில் ஜெர்மன் ரெசிடன்ஸ் கார்டு இருக்கிறது, அவன் குறட்டையே விடலாம். என் ராசி எனக்குத் தெரியும். மின்சார ரயிலில் முந்நூறு பேர் நின்றாலும் டிக்கெட் பரிசோதகர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம்தான் வருவார்.

மாட்டினால்? முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது, அந்தோராவிலேயே குடியிருக்க வேண்டியதுதான். 20 வருடம் இருந்தால் குடியுரிமை கேட்கலாமாம். கட்டலான் மொழி கற்றுக்கொள்ள நிறைய நேரம் கிடைக்கும். மூன்றாம் வகுப்புப் பெண்ணின் கல்யாணத்துக்கு அந்தோரா பாஸ்போர்ட்டில் வந்து இறங்குவேன். அப்போது நம்மாட்கள் விசா கேட்பார்கள்.

சரி, மறுபடி அப்ளை பண்ணலாம். மறுபடி 90 யூரோ. 2024 ஜூனில்தான் 80-லிருந்து 90 ஆக்கினார்கள். அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ், கூரியர் காசு, எஸ்எம்எஸ் அனுப்பத் தனிக் காசு. 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று வருமே, அதற்குத்தான். எந்த ஜீவன் பரிசீலித்தது? அந்த மஞ்சள் அம்புக்குறியை ஒரே ஒரு கண் பார்த்திருந்தால் போதாதா?

"இந்தத் தடவை கைரேகை எடுக்க வேண்டாமாம்ல?" என்று மனைவி ஆறுதல் சொன்னாள். ஆமாம், 59 மாதத்துக்கு அது செல்லும். அது என்ன 59? அறுபது என்று சொன்னால் வாய் வலிக்குமா? பாட்டா கடைச் செருப்பு விலையா இது? சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் சோபாவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது அம்மா ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு வந்து நின்றார்.

கைரேகை விழவில்லையாம். போன மாதமும் இதே கதை. ஐரோப்பாக்காரன் என் பத்து விரலையும் 59 மாதம் பத்திரமாக வைத்திருப்பானாம், தெருமுனைக் கடையில் என் அம்மாவின் ஒரே ஒரு கட்டைவிரல் மாசாமாசம் காணாமல் போகிறது. ஐம்பது வருடம் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? "தலையில தேச்சுட்டு வைங்கம்மா" என்றார்களாம். தேய்த்திருக்கிறார். மெஷினில் தேங்காய் எண்ணெய் ஒட்டியதுதான் மிச்சம். கண்ணை வைத்துப் பார்க்கிற மெஷின் ஒன்று வந்திருக்கிறதே, அது என்ன ஆச்சு என்று கேட்டால், அதில் சார்ஜ் இல்லையாம். துவரம்பருப்பு மத்தியானத்தோடு தீர்ந்துவிடும் என்கிறார் அம்மா. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், இருங்கள்.