லிஃப்ட் கிட் பிறகு, முதலில் ரேடியேட்டர்

பழைய டீசல் டபுள் கெப் ஒன்றை எடுத்து ஒஃப் ரோடுக்குத் தயார்படுத்த ஆசைப்படும் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை அங்குலம் உயர்த்தலாம், 33 அங்குல டயர் உரசாமல் போகுமா என்றுதான். இந்த மாதம் இன்பொக்ஸ் நிறைய இதே கேள்வி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். கையில் இருக்கும் காசு முதலில் வெளியே தெரியாத இடங்களுக்குப் போக வேண்டும். ரேடியேட்டர், பிரேக், டீசல் பம்ப், சீல் வகைகள். இவை சரியாகும்வரை லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்), வின்ச் (புதைந்த வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள்), லைட் பார் எதற்கும் ஒரு ரூபாகூடக் கொடுக்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

என்னிடம் இருப்பது டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என்.106. முன்னாலும் பின்னாலும் லீஃப் பிளேட், முன்னாலும் முழு அக்சில், 3எல் எஞ்சின். 3எல் என்பது பெயர் மட்டும்தான், அளவு 2.8 லீற்றர். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) கிடையாது. கம்பியூட்டர் வைத்துப் பார்க்க வேண்டிய எதுவும் அதில் இல்லாததால், ஓஹியா மலையில் நின்றுபோனாலும் ஒரு ஸ்பெனர் செட்டோடு குனிந்து பார்க்கலாம். தோட்டப் பக்கம் ஓடிய மிட்சுபிசி 4டிஆர்5 ஜீப், லேண்ட் ரோவர் டிஃபென்டர் 300 டிடிஐ வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இந்தப் பழைய வண்டிகளின் விலை கண்டபடி ஏறியது. பெயின்ட் அடித்து, பெரிய டயர் மாட்டி, உள்ளே ஒரு நட்டைக்கூடத் தொடாமல் கைமாற்றப்பட்ட வண்டிகள் எத்தனையோ. இன்று நீங்கள் பார்க்கப் போகும் வண்டியும் அந்த வழியாக வந்ததாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே பொனட்டைத் திறவுங்கள்.

3எல் எஞ்சினைக் கொல்வது சூடு. இதில் டீசல் நேரே பிஸ்டன் தலையில் பீச்சப்படுவதில்லை. ஹெட்டுக்குள், அதாவது எஞ்சினின் மேல் பாகத்துக்குள், இருக்கும் சின்ன அறை ஒன்றில்தான் எரியத் தொடங்குகிறது. அதனால் ஹெட் வாங்கும் சூடு அதிகம். ஒரு தடவை நன்றாகக் கொதித்தாலே வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு விழக்கூடும். பேஸ்லைன் வீதியில் பின்னேரம் ஐந்து மணிக்கு ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்குக் காற்றுக் கொடுப்பது ஃபேன் ஒன்றுதான். அதைச் சுழற்றும் விஸ்கஸ் கப்ளிங் செத்திருந்தால் கேஜ் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

பஞ்சிகாவத்தையில் ரேடியேட்டர் வேலை செய்யும் ஒரு சின்னக் கடையில் என் வண்டியுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். பழைய செம்பு ரேடியேட்டர் என்பதால் மேல் தொட்டியின் ஈயப் பற்றை நெருப்புக் காட்டி உருக்கி, மூடியைத் தூக்கினார்கள். குழாய் வாய்களில் பாதிக்கு மேல் காவி நிறத்தில் கல்லாக அடைத்துக் கிடந்தது. வருடக்கணக்கில் கூலன்ட் இல்லாமல் பைப் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி. தட்டையான கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு இழுக்க இழுக்கத் துருத் தூள் கொட்டியது. அதே வண்டியில் முந்திய சொந்தக்காரர் தேர்மோஸ்டட்டையும் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு) கழற்றி வீசியிருந்தார். சூடு குறையும் என்று நம்பி இங்கே நிறையப் பேர் செய்வது அது. பல எஞ்சின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் அதே வால்வுதான். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்தது முன் சில்லின் நக்கிள், அதாவது சில்லு திரும்பும் மூட்டு. அந்த உருண்டைக்குள் கிரீஸ் மட்டும்தான் இருக்க வேண்டும். உள் சீல் தேய்ந்தால் டிஃப் (அக்சிலில் இருக்கும் கியர்ப் பெட்டி) ஒயில் அக்சில் வழியாக வந்து கிரீஸைக் கரைத்துவிடும். விற்பவர்கள் வெளிப்பக்கத்தை டீசல் துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். திறந்தால்தான் விஷயம் தெரியும்: என்னுடையதில் சாம்பல் நிறக் கூழ் தட்டில் வழிந்தது, மெக்கானிக் அதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தார், இரும்புத் தூள் மினுங்கியது. பெயரிங், சீல், கிரீஸ் எல்லாம் சேர்த்தும் நல்ல லைட் பார் ஒன்றின் விலையைத் தாண்டவில்லை.

ஒஃப் ரோட் வேலை என்று நான் மனதாரப் பரிந்துரைக்கும் முதல் வேலை பிரீதர் (அக்சில் மூச்சுவிடும் காற்றுத் துளை) குழாய். ஓடிச் சூடான டிஃப் ஆற்றுத் தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, கிடைத்த வழியால் தண்ணீரை உறிஞ்சும். பிறகு ஒயில் பால் தேத்தண்ணி போல வெளுத்து வரும். அக்சிலின் மேலுள்ள பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, எஞ்சின் பக்கம் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டினால் போதும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பார்த்த எவருக்கும் இது காட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டுமான வேலை என்று தோன்றாது.

டயர் பற்றி. தொழிற்சாலை போட்ட 205 ஆர் 16 டயர் ஏறத்தாழ 29 அங்குலம். 33க்குப் போனால் மீற்றர் 88 காட்டும்போது நீங்கள் உண்மையில் 100இல் போகிறீர்கள். பிரேக்கோ அதே பழைய பிரேக், பின்னால் டிரம். ஹற்றனிலிருந்து கினிகத்தேனைக்கு ஆட்களோடும் சாமானோடும் இறங்கும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும். உயர்த்தினால் பிரேக் ஹோஸ் நீளம், புரொப்பெலர் ஷாஃப்ட் கோணம், ஸ்டியரிங் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்யத் தயாராக இருப்பவர் தாராளமாக உயர்த்தட்டும். டைமிங் பெல்ட்டை (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் பட்டி) 1,00,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுவது பற்றி விளக்கத் தேவையில்லை. எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாவிட்டால் வாங்கிய கிழமையே மாற்றுங்கள்.

இனி எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயம், கரும்புகை. எஞ்சினில் பவர் குறைகிறது என்றால் பம்பின் திருகைத் திருகி டீசலைக் கூட்டிவிடும் பழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. டர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்று அதே அளவுதான். கூடுதல் டீசலில் பாதி எரியாமல் கரியாக வெளியே போகிறது, மீதி ஹெட்டைச் சுடுகிறது. மேலே சொன்ன வெடிப்புக்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடம் விடும் நேரம் திறந்த முச்சக்கர வண்டிகளில் பிள்ளைகள் நமக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். அந்தப் புகையைப் பெருமையாக வீடியோ எடுத்துப் போடுகிறவர்களை என்னால் பாராட்ட முடியவில்லை.

வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனை இருக்கிறதே என்பீர்கள். பரிசோதனைக்கு முதல் நாள் திருகைக் குறைத்து, மறுநாள் கூட்டுகிறார்கள்.

பவர் குறைந்தால் முதலில் எயார் ஃபில்டரைப் பாருங்கள். பிறகு டீசலைப் பீச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி டெஸ்டரில் போடச் சொல்லுங்கள். மருதானையில் நான் போகும் பம்ப் கடை நானா கைப்பிடியை அழுத்தும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நல்ல நொசில் பனிப்புகார் மாதிரி விசிறும், கெட்டது சொட்டும். மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் அதைக் கலந்து ஓட்டிய வண்டிகளின் பம்புகள் அவரிடம் இன்னும் வருகின்றன. இந்தப் பம்புக்கு மசகு டீசலேதான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கு இல்லை, உள்ளே கோடு விழுந்துவிடும்.

பரிசோதனை முடிந்ததும் திருகைக் கூட்டித்தரச் சொல்லி வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். "இத கூட்டினா ஹெட் போயிரும் தம்பி, பொறகு என்ட வேலைய கொற சொல்லுவாங்க" என்பார். கூலி மற்றக் கடைகளைவிடக் கொஞ்சம் அதிகம், நாளும் எடுப்பார். என் பம்ப் அவரிடம் மட்டும்தான் போகிறது.