1 மில்லிசெகண்ட் என்று காட்டுவதெல்லாம் 1 மில்லிசெகண்ட் துல்லியம் அல்ல

டிஜிட்டல் ரிலே என்பது மின்கடத்தும் லைனில் கோளாறு (ஃபால்ட்) வந்தால், லைனைத் துண்டிக்கும் சுவிட்சான பிரேக்கரைத் திறக்கச் சொல்லும், அதாவது டிரிப் செய்யும், பாதுகாப்புக் கருவி. "டிஜிட்டல் ரிலேயின் நிகழ்வுப் பதிவில் நேரம் 1 மில்லிசெகண்ட் வரை இருக்கிறது, அதனால் லைனின் இரு முனை ரிலேக்களின் பதிவுகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து எது முதலில் டிரிப் ஆனது என்று சொல்லிவிடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. இதை நம்பி விபத்து ஆய்வு செய்தால் குற்றமில்லாத ரிலேமீது பழி விழும்.

1 மில்லிசெகண்ட் என்பது பதிவில் எழுதப்படும் அலகு மட்டுமே. கடிகாரம் சரியா என்பது வேறு கேள்வி. வெளியிலிருந்து நேரம் கொடுக்காமல் விட்டால், 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ள கிரிஸ்டல், அதாவது ரிலேயின் உள் கடிகாரம், ஒரு நாளில் சுமார் 1.7 விநாடி விலகிவிடும். பிரேக்கர் திறப்பதோ மின்னோட்ட அலையின் சில சைக்கிள்களில் (50 ஹெர்ட்ஸில் ஒரு சைக்கிள் 20 மில்லிசெகண்ட்). இரு முனைக்கும் ஜிபிஎஸ் கடிகாரத்திலிருந்து ஐரிக்-பி சிக்னல் (கருவிகளுக்கு நேரம் அனுப்பும் குறியீட்டு முறை) வந்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு. பல ரிலேக்களின் பதிவிலேயே நேர ஒத்திசைவு இருந்ததா என்ற குறி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று, பலரும் மறப்பது: ரிலே தன் லாஜிக்கை தொடர்ச்சியாக ஓட்டுவதில்லை. சைக்கிளுக்கு 4 முறை ஓட்டும் ரிலேயில், 50 ஹெர்ட்ஸில், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 5 மில்லிசெகண்ட் இடைவெளி; இடையில் நடந்தது அடுத்த ஓட்டத்தில்தான் பதிவாகும். பிரேக்கர் துணைத் தொடர்பு (பிரேக்கரின் நிலையை ரிலேக்குச் சொல்லும் சிறு சுவிட்ச்) அதிர்வதால் வரும் பொய் மாற்றங்களைத் தவிர்க்க வைத்த டிபவுன்ஸ் நேரமும், அதாவது காத்திருப்பு நேரமும், இதில் சேரலாம்.

வரிசையில் சந்தேகம் வந்தால் காம்ட்ரேட் கோப்பை (ரிலே பதிவு செய்த மின்னோட்ட, மின்னழுத்த அலைகள் உள்ள பொது வடிவக் கோப்பு) எடுத்து, வடிகட்டாத மின்னோட்ட அலையில் ஃபால்ட் தொடங்கிய இடத்தை இரு முனையிலும் பொருத்திப் பாருங்கள். ஃபால்ட் இரண்டு பக்கமும் நடைமுறையில் ஒரே கணத்தில்தான் தெரியும். கடிகாரங்களின் வித்தியாசம் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.