டவாலிக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்

போன வாரப் பதிவின் கீழ் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "நீதிபதிக்கே வகுப்பெடுக்க டீச்சரம்மா கிளம்பிட்டாங்க" என்று ஒரு வழக்கறிஞர் எழுத, அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள். என்னை நன்றாகத் தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், மனசு கேட்கவில்லை.

அந்தப் பதிவில் நான் கேட்டது ஒன்றுதான். குழந்தைகள் வந்து நிற்கிற நீதிமன்றத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் பயிற்சி வேண்டும். நீதிபதிக்கு, பெஞ்ச் கிளார்க்குக்கு, டைப்பிஸ்டுக்கு, வாசலில் நின்று பெயர் கூப்பிடும் டவாலிக்கு.

என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்குத் துணையாக, அவள் அம்மா கேட்டுக்கொண்டதால், ஒரு போக்சோ வழக்குக்கு, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குக்கு, போயிருந்தேன். காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்கள். வராண்டாவில் இருந்தது ஒரே பெஞ்ச். இந்த முனையில் நாங்கள், அந்த முனையில் குற்றம் சாட்டப்பட்ட ஆளின் சொந்தக்காரர்கள். பிள்ளை தண்ணீர் பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தாள். மதியத்துக்கு மேல் டவாலி வெளியே வந்து, அப்பா பெயரோடு சேர்த்து அவள் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். வராண்டாவே திரும்பிப் பார்த்தது. அவரைக் குறை சொல்லமாட்டேன். எல்லா வழக்குக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார், இதற்கு வேறு மாதிரி என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளே அவள் வாயைத் திறந்ததும் டைப்பிஸ்ட், "சத்தமா சொல்லும்மா, கேக்கல" என்றார். அதற்கப்புறம் அவள் பேசவே இல்லை. வாய்தா போட்டார்கள்.

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. 2012 போக்சோ சட்டத்தின் 33-ஆம் பிரிவைப் படியுங்கள். குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது, திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது, வழக்கறிஞரின் கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் குழந்தையிடம் போக வேண்டும். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது என்கிறது 36-ஆம் பிரிவு. ஆனால் வராண்டாவில் நிற்பவருக்கு இதைச் சொல்வது யார்?

"சட்டம் படித்த நீதிபதிக்கு எதற்குப் பயிற்சி?" என்கிறார்கள். 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, ஆடைக்கு மேல் தொட்டதால் தோலோடு தோல் படவில்லை என்று சொல்லி போக்சோ தண்டனையை நீக்கியது. அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய நவம்பர் ஆகிவிட்டது. 2025 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம், சிறுமியின் பைஜாமா நாடாவை அறுத்தது பாலியல் வல்லுறவு முயற்சி ஆகாது என்றது. அதற்கும் உச்ச நீதிமன்றம்தான் தடை போட்டது. இரண்டையும் எழுதியவர்கள் சட்டம் படித்தவர்கள்தானே?

"பயிற்சிதான் ஏற்கெனவே இருக்கிறதே" என்றும் ஒருவர். சரி, இருக்கிறது. மாநில நீதித்துறை அகாதமி இருக்கிறது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே, குழந்தைகள் போன்ற சாட்சிகள் பயமில்லாமல் பேசுவதற்கான தனி மையங்கள் பற்றி உத்தரவிட்டு, அதற்கான பயிற்சியை ஓய்வு பெற்ற நீதிபதி கீதா மிட்டல் தலைமையிலான குழுவிடம் ஒப்படைத்தது. நான் மறுக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த வராண்டாவுக்கு அது வந்து சேரவில்லை என்றுதான் சொல்கிறேன்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமை உண்டு, தெரியும். குறுக்கு விசாரணையே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பிள்ளையை மிரட்டாமல் கேளுங்கள் என்றேன். "பொய் வழக்குகளும் வருதே மேடம்" என்று அதே பதிவில் எழுதினீர்களே, அதுதான் உள்ளே போய்க் குத்தியது. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு வந்த என்னிடம் அதை எழுத எப்படி மனம் வந்தது?

ஆசிரியர்களான எங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் வட்டார வள மையத்தில் பயிற்சி. இருபது வருஷம் பாடம் நடத்தியவர்களும் போய் உட்கார்கிறோம். யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. நீதிமன்றத்தில் மட்டும் அது எப்படி அவமதிப்பாகும்?

டவாலி வழக்கு எண்ணைச் சொல்லிக் கூப்பிடட்டும். டைப்பிஸ்ட் எழுந்து பிள்ளை பக்கத்தில் வந்து உட்காரட்டும். எதிர்த்தரப்பு இல்லாத வேறொரு இடத்தில் ஒரு நாற்காலி போடட்டும். இதைக் கேட்டதற்குச் சிரிப்பு வருகிறது என்றால், தயவுசெய்து என் நட்புப் பட்டியலிலிருந்து நீங்களே விலகிவிடுங்கள்.