சுழல் இரண்டாம் பருவமும் எங்கள் காமன் கூத்தும்

அமேசான் பிரைமில் வரும் 'சுழல்' என்ற தமிழ் மர்மத் தொடரின் இரண்டாம் பருவத்தின் எட்டு அத்தியாயங்களையும் பார்த்து முடித்து இரண்டு வாரமாகிறது. மனம் ஆறவில்லை, எழுதிவிடுகிறேன்.

2022இல் வந்த முதல் பருவத்தைப் இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் பார்த்தோம். சாம்பலூர் என்ற மலையூர். தொழிற்சாலை, வேலைநிறுத்தம், தொழிற்சங்கத் தலைவர் சண்முகம். தொழிற்சாலை தீப்பற்றி எரிகிறது, தலைவரின் மகள் நிலாவைக் காணவில்லை, ஊரோ மயானக் கொள்ளைத் திருவிழாவில் மூழ்கிக் கிடக்கிறது. அந்தத் தலைவராக வரும் பார்த்திபன் வாயைத் திறந்ததுமே, காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தை நினைத்து அம்மா சொன்னார்: "பிரட்டுக்களத்தில் நம் தலைவர் பேசுகிற மாதிரியே இருக்கிறது." அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுக் கதை.

இந்தமுறை கதை மலையிறங்கிக் காளிபட்டணம் என்ற கடலோர ஊருக்குப் போய்விட்டது. வழக்கறிஞர் செல்லப்பா கொல்லப்படுகிறார். எட்டு இளம்பெண்கள்; ஒவ்வொருத்தியும் "நான்தான் கொன்றேன்" என்கிறாள். இதைவிட வலுவான முடிச்சு என்ன வேண்டும்? அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் அம்மா கேட்டார்: "தம்பி, அந்த ஓரத்தில் நிற்கிற பிள்ளையின் பெயர் என்ன?" எனக்குத் தெரியவில்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்பிலும் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் தெரியவில்லை. எட்டுப் பேரும் ஒரே கூட்டமாகவே வருகிறார்கள், போகிறார்கள். கௌரி கிஷனின் முகம் மட்டும் மனதில் நிற்கிறது. சிறைக்குள் நிலாவின் அக்கா நந்தினியாக வரும் ஐஸ்வர்யா ராஜேஷ் பார்வையாலேயே பல காட்சிகளைத் தாங்குகிறார். லாலும் சரவணனும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். குறை நடிகர்களிடம் இல்லை, எழுத்தில் இருக்கிறது. கொன்றது யார் என்பதில் காட்டிய கவனத்தை, இந்தப் பிள்ளைகள் யார் என்பதில் காட்டவில்லை. கடைசியில் விடை தெரிந்தபோது எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை.

இரண்டாம் பருவம் வெளியானது 2025 பெப்ரவரி 28, மாசி அமாவாசைக்கு அடுத்த நாள். மூன்றாம் பிறையில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்காகக் காமன் கம்பம் ஊன்றினார்கள். இரவெல்லாம் தப்புப் பறையின் சத்தத்துக்கு நடுவேதான் இந்தத் தொடரைப் பார்த்தோம். காமன் கூத்தில் என்ன மர்மம் இருக்கிறது? சிவனின் நெற்றிக்கண் பட்டு மன்மதன் எரிவான் என்பது லயத்துக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் பௌர்ணமி இரவில் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. இந்த வருடம் ரதி வேடம் கட்டியவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற அண்ணன். காமன் எரிந்ததும் அவர் மண்ணில் விழுந்து ஒப்பாரி வைத்தார். அரிதாரம் கரைந்து கழுத்து வரை வழிந்தது, வளையல் ஒன்று உடைந்து மணிக்கட்டில் இரத்தம் கசிந்தது, அவர் அதைத் துடைக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாற்பது வருடமாக அதே கூத்தைப் பார்க்கிறவர் அவர்.

இரண்டாம் பருவத்தில் வரும் அஷ்டகாளித் திருவிழாவில் அந்த அழுகையைத்தான் தேடினேன். வேடங்கள் இருந்தன, நிறங்கள் இருந்தன, சாம் சி.எஸ்.ஸின் இசையும் அதிர்ந்தது. முதல் பருவத்து மயானக் கொள்ளையில் அந்த ஊர்ச் சனங்களின் பயம் தெரிந்தது. இங்கே திருவிழா காட்சிக்கு அழகு சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது.

தொடரை உருவாக்கிய புஷ்கர்–காயத்ரி மூன்றாம் பருவம் எழுதினால் நிச்சயம் பார்ப்பேன். கதிர் நடிக்கும் காவல் அதிகாரி சக்கரையை மறுபடி மலைக்கு அனுப்புங்கள். எட்டுப் பேர் வேண்டாம், ஒரே ஒரு பிள்ளை போதும். அவள் பெயரை அம்மா என்னிடம் கேட்காதபடி எழுதுங்கள்.